கடற்கரைக்குப் போகாத வேன்

இது மலாக்காவின் சிவப்புக் கட்டடங்களைப் பற்றியோ ஆற்றுப் படகைப் பற்றியோ எழுதும் பதிவு அல்ல. அவற்றைப் படம் பிடித்துப் போட ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பிள்ளை இல்லாத ஒரு பெண்ணோடு சொந்தக்காரர் வீட்டு வளைகாப்புக்குப் போய்வந்ததைப் பற்றி எழுதுகிறேன். புக்கிட் காத்திலில் கிளம்பி, சிம்பாங் அம்பாட்டைத் தாண்டி ஒரு தோட்டம் வரை. போக மட்டும் முப்பத்தாறு கிலோமீட்டர். இப்படியொரு பயணம் உங்களில் பாதிப் பேருக்கு எப்போதாவது வரும். அக்காவோடு, அண்ணியோடு, கூட வேலை பார்க்கிறவளோடு.

அந்தப் பெண் என் சொந்த அக்கா. அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர்களை மாற்றச் சொன்னாள், மாற்றிவிட்டேன். இன்னொன்றும் சொன்னாள்: "பாவம்னு மட்டும் எழுதிராதடி. அடிச்சிருவேன்."

போன மாதம் ஒரு புதன்கிழமை மாமா கூப்பிட்டார். மாமா என்றால் அக்காவின் கணவர் மோகன். "மலரு, ஞாயித்துக்கிழம துர்காவுக்கு வளைகாப்பு. உங்கக்கா வரலங்குறா. நீ வந்து கொஞ்சம் பேசு லா. நீ சொன்னா கேப்பா."

நான் சொல்லி அக்கா எதையும் கேட்டதில்லை. இருந்தாலும் போனேன். காரணம் துர்கா. மாமாவின் ஒரே தங்கை. பதினொரு வருடத்துக்கு முன் வசந்தி அக்கா கல்யாணமாகிப் போனபோது துர்காவுக்குப் பதின்மூன்று வயது, தாய் இல்லை. தலை பின்னிவிட்டது, சடங்கு செய்தது, கார் ஓட்டக் கற்றுக் கொடுத்தது எல்லாம் அக்காதான். அந்தத் துர்காவுக்கு இப்போது ஒன்பதாம் மாதம். அவள் வளைகாப்புக்கு அக்கா வரமாட்டேன் என்றால் விஷயம் சாதாரணமானது அல்ல.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு கோலாலம்பூர் டி.பி.எஸ். முனையத்தில் பஸ் ஏறினேன். டிக்கெட் பதினைந்து ரிங்கிட் சொச்சம். பத்தே காலுக்கு மலாக்கா சென்ட்ரல். வெள்ளிக்கிழமை மாலை பஸ்ஸில் ஏறிவிடாதீர்கள், சிரம்பானுக்கு முன்னாலேயே வாழ்க்கை வெறுத்துவிடும். சென்ட்ரலிலிருந்து புக்கிட் காத்தில் பத்துக் கிலோமீட்டர். கைப்பேசியில் கார் கூப்பிட்டால் பதினான்கு ரிங்கிட், இருபது நிமிடம்.

ஓட்டுநர் நம் ஆள், அறுபது வயது இருக்கும். அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்றேன். வாயை மூடியிருக்கலாம்.

"அக்காவுக்கு எத்தன பிள்ளைங்கம்மா?"

"பிள்ளைங்க இல்ல அங்கிள்."

"அலாமாக்! எத்தன வருஷம் ஆச்சு? சிகாமட்ல ஒரு ஐயா இருக்காரும்மா, எங்க சின்ன மருமவளுக்கு ரெண்டே தடவதான் மருந்து கொடுத்தாரு..." சிக்னல் பச்சையாவதற்குள் ஐயாவின் விலாசம், பத்திய விவரம், போகக்கூடாத கிழமை எல்லாம் வந்துவிட்டன. நாலாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை எண்ணெய் மாற்றவேண்டும் என்று சொல்கிற அதே குரல். இறங்கும்போது ஐந்து நட்சத்திரம் கொடுத்தேன். வண்டி நன்றாகத்தான் ஓட்டினார்.

அக்கா வாசலில் நின்று பூந்தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். பையைக்கூட வாங்கவில்லை. "அவர் அனுப்பினாரா?" என்றாள். ஆமாம் என்றேன். "சாப்புடு. தூங்கு. நாளைக்கு எங்ககூட பீச்சுக்கு வா. நான் ஹார்ன் கேட்டுட்டேன்."

ஹார்ன் விஷயத்தை இங்கே விளக்கிவிடுகிறேன். இந்தப் பயணத்தில் நான் பார்த்தவற்றில் உருப்படியான ஏற்பாடு அதுதான்.

சில வருடங்களுக்கு முன், பிள்ளைக்காகச் சிகிச்சைக்குப் போன இடத்தில், காத்திருக்கும் நாற்காலிகளில் பழகிய ஐந்தாறு தமிழ்ப் பெண்கள் கைப்பேசியில் ஒரு குழு வைத்துக்கொண்டார்கள். அதில் ஒருத்தர் புஷ்பா அக்கா. நாற்பத்தெட்டு வயது, புக்கிட் பெருவாங்கில் பள்ளி வேன் ஓட்டுகிறார். பிள்ளை இல்லை என்று புருஷன் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு போய்விட்டான். வேன் இவர் பெயரில் இருந்ததால் மிஞ்சியது. ஞாயிற்றுக்கிழமைகளில் அது சும்மா நிற்கும். பெயர் சூட்டு விழா, பிறந்தநாள், முதல் மொட்டை என்று ஏதோ ஒரு விசேஷ வீட்டை ஒருத்தியால் தாங்க முடியாது என்றால், குழுவில் 'ஹார்ன் வேணும்' என்று போட்டால் போதும். வேன் வாசலில் வந்து நின்று இரண்டு தடவை ஹார்ன் அடிக்கும். 'வண்டி வந்திருச்சு' என்று அவள் கிளம்பிவிடலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. நம் ஜனங்களைப் பொறுத்தவரை ஒரு பெண்ணின் மனசு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருக்கலாம். வண்டியைத்தான் காக்க வைக்கக் கூடாது. அந்தப் பலவீனத்தைச் சரியாகக் கண்டுபிடித்தவர் புஷ்பா அக்கா.

மத்தியானம் பருப்பு தாளித்துக்கொண்டே அக்கா காரணத்தைச் சொன்னாள். மாமா குடும்பத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. வளைகாப்பில் எல்லோரும் வளையல் போட்டு முடித்ததும், பிள்ளைத்தாய்ச்சிக்குப் பக்கத்தில் இன்னொரு மணை போடுவார்கள். குடும்பத்தில் பிள்ளை இல்லாதவள் அதில் உட்கார வேண்டும். மடியில் முளைகட்டிய பச்சைப் பயறு கொட்டுவார்கள். 'அடுத்த வருஷம் உன் மடி நிறையணும்' என்று வரிசையாகப் பெண்கள் வந்து சொல்வார்கள். அவள் அந்தப் பயறைப் பச்சையாக, மிச்சம் வைக்காமல் தின்ன வேண்டும். அக்கா இதுவரை நாலு வளைகாப்பில் உட்கார்ந்திருக்கிறாள்.

"திட்டுனா பரவால்லடி. திருப்பித் திட்டலாம். எல்லாரும் அன்பா வந்து கன்னத்த தொடுறாங்க பாரு, அப்பத்தான் எனக்கு எழுந்து ஓடணும்போல இருக்கும்."

சாயங்காலம் நாலு மணிக்குப் புக்கிட் பெருவாங்கில் செண்டோல் கடை. அக்கா வீட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டர், மரத்தடியில் நாலு மேசை. தேங்காய்ப்பால், மலாக்கா வெல்லம், துருவிய ஐஸ். வெயிலில் அதற்கு ஈடு கிடையாது. ஒரு கிண்ணம் நாலு ரிங்கிட். புஷ்பா அக்கா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். குட்டை முடி, கழுத்தில் விசில். "இருவத்திரண்டு பிள்ள ஏத்துறேன்மா. ஒண்ணாச்சும் பெல்ட் போடுதா? பெத்தவளுக்கு ரெண்டு, எனக்கு இருவத்திரண்டு. யாருக்கு தலவலி சொல்லு." பக்கத்தில் ஜெனிட்டா. வங்கி அதிகாரி, யாழ்ப்பாண வம்சாவளி, வயது நாற்பது.

உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் நான் வேலையை ஆரம்பித்தேன். "அக்கா, ஒரு மணிநேரம் மட்டும் போய்ட்டு வந்துரலாமே. துர்கா முகத்துக்காக..."

புஷ்பா அக்கா மேசையில் ஓங்கி அடித்தார். "யோசன! யோசன! நாலு செண்டோல், தங்கச்சி கணக்குல!"

அதுதான் அவர்கள் சட்டம். யோசனை சொன்னவள் எல்லோருக்கும் செண்டோல் வாங்கித் தரவேண்டும். டாக்டர் பெயர், கோயில் பெயர், கிழங்கு, எண்ணெய், 'மனச ரிலாக்ஸா வெச்சுக்கோ', 'தத்து எடுத்துக்கலாமே', எல்லாவற்றுக்கும் அபராதம். பெயிண்டர் வந்தாலும் பூசாரி வந்தாலும் இந்தப் பெண்களுக்கு யோசனை சொல்லாமல் போவதில்லை. யாருமே யோசனை சொல்லாத ஒரு மேசை வேண்டும் என்று போட்டுக்கொண்ட சட்டம். பதினாறு ரிங்கிட் கொடுத்தேன். சிரித்துச் சிரித்துக் குடித்தார்கள்.

நான் வாயை மூடிய பிறகுதான் பேச்சு நன்றாக வந்தது. ஜெனிட்டா சர்ச் கதையைச் சொன்னார். "மதர்ஸ் டே அண்டைக்கு அம்மாமார் எல்லாரும் எழும்புங்கோ எண்டு சொல்லுவினம். ஆளுக்கொரு ரோசாப்பூ. எங்கட வரிசையில எல்லாரும் எழும்ப, நான் மட்டும் பெஞ்சில. பக்கத்து ஆன்ட்டி ஒராள் பாவம் பாத்து தன்ட பூவ எனக்குத் தந்தவ. அதத்தான் எனக்குத் தாங்கேலாமப் போச்சு."

இரண்டாவது சிகிச்சை தோற்ற கொஞ்ச நாளில் நடந்தது அது. அதற்குப் பிறகு அவர் வேலைக்குப் போகவில்லை, குளிக்கவில்லை, தூங்கி எழுந்து மறுபடி தூங்கினார். குழுவில் எதுவும் எழுதவில்லை. கேட்காமலே ஒவ்வொரு ஞாயிறும் வேன் அவர் வாசலுக்கு வந்தது. இரண்டு ஹார்ன். கொஞ்ச நேரம் நிற்கும். போய்விடும். ஒரு ஞாயிறு அவர் நைட்டியோடு வந்து ஏறினார். புஷ்பா அக்கா எதுவும் கேட்காமல் மஸ்ஜித் தானா கடற்கரை வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டு வந்து விட்டார். மறுவாரம் மனநல மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனார்.

"அது யோசனை இல்லையா? அபராதம் கட்டுனீங்களா?" என்றேன்.

"அது யோசன இல்ல, டிரைவர் உத்தரவு" என்றார் புஷ்பா அக்கா. "பல்லு வலிச்சா பல்லு டாக்டர்கிட்ட போறோம். இதுக்கு மட்டும் ஏன் எலுமிச்சம்பழம் சுத்தணும்?"

ஜெனிட்டா இப்போதும் மாத்திரை சாப்பிடுகிறார். அதைக் கடையில், பக்கத்து மேசைக்குக் கேட்கும்படியே சொன்னார். எனக்கு அந்த மனுஷியின் மேல் வந்த மரியாதை சாதாரணமானது அல்ல. சிகிச்சைக்குப் போன இத்தனை வருடத்தில் என் அக்காவின் உடம்பில் ஊசி போகாத இடம் இல்லை. ஆனால் தூங்குகிறாயா, அழுகிறாயா, எழுந்திருக்கப் பிடிக்கிறதா என்று அங்கே ஒருவரும் கேட்டதில்லையாம். அக்காவிடம் அந்தக் கேள்வியைக் கேட்டது ஒரு பள்ளி வேன்.

இரண்டாவது கிண்ணம் பாதியில் இருந்தபோது அக்கா சொன்னாள், "நாங்க நிறுத்திட்டோம்."

புஷ்பா அக்கா கரண்டியைக் கீழே வைத்தார்.

"ட்ரீட்மெண்ட நிறுத்திட்டோம். மூணு மாசம் ஆச்சு. பேசித்தான் முடிவு பண்ணோம். நா நிம்மதியாத்தான் இருக்கேன், தூங்குறேன். ஆனா யார்கிட்டயும் சொல்லல. இப்பப் போயி அந்த மணையில உக்காந்து, அடுத்த வருஷம்னு அவங்க சொல்றதுக்கு தலையாட்டுனா, அது பொய்யி. உக்காரலன்னா பிள்ளைத்தாய்ச்சிக்கு ஆகாதுன்னு சொல்வாங்க. நாளபின்ன துர்கா பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் நான்தான்."

எனக்கே தெரியாது. சொந்தத் தங்கை நான். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். புஷ்பா அக்கா என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டேன்.

அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "உனக்கு என்ன வேணும், வசந்தி?"

அக்கா ஐஸ் தண்ணீராகும்வரை யோசித்தாள். "துர்காவுக்கு வளையல் போடணும். மணையில உக்காரக்கூடாது."

"அப்ப பீச் கேன்சல். நாளைக்கு எஸ்டேட்டுக்கு வண்டி எடுக்குறேன். உக்காரச் சொன்னா நீ என்ன பாரு, நா ஹார்ன் அடிக்கிறேன். பூசாரி மந்திரத்துல இருந்தாலும் அடிப்பேன்."

ஞாயிறு காலை எட்டரைக்குக் கிளம்பினோம். மாமா விடியற்காலையே சமையல் ஏற்பாட்டுக்குக் காரில் போய்விட்டார். வேனில் புஷ்பா அக்கா, ஜெனிட்டா, அக்கா, நான். ஆயர் குரோவில் நெடுஞ்சாலை ஏறி சிம்பாங் அம்பாட்டில் இறங்க வேண்டும், சுங்கம் மூன்று ரிங்கிட் சொச்சம். அலோர் காஜா வழியாகப் பழைய சாலையிலும் போகலாம், கால்மணி நேரம் கூடும். சிம்பாங் அம்பாட் சந்திப்பில் தோசை சாப்பிட்டு, தே தாரிக் என்கிற நுரைத் தேநீர் குடித்தோம், நாலு பேருக்கு இருபத்திரண்டு ரிங்கிட். அக்கா தோசையைப் பிய்த்துப் பிய்த்து வைத்தாளே தவிரச் சாப்பிடவில்லை. பச்சைப் பட்டுச் சேலை, காதில் நீலக்கல் தோடு. மடியில் துர்காவுக்கு வாங்கிய கண்ணாடி வளையல் பெட்டி.

சந்திப்பிலிருந்து ஆறு கிலோமீட்டர் உள்ளே போனால் தோட்டம். கடைசி இரண்டு கிலோமீட்டர் செம்மண் பாதை, மழை பெய்திருந்தால் சின்னக் காரை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். ஒரு காலத்தில் ரப்பர்ப் பால்மரக் காடு. இப்போது கண்ணுக்கெட்டிய தூரம் எண்ணெய்க்கான செம்பனை. தொழிலாளர்களின் லயன் வீடுகளை இடித்தாயிற்று. வேலைக்கு வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள் தகரக் கொட்டகைகளில் இருக்கிறார்கள், நம் ஆட்கள் இருந்த அதே லட்சணத்தில். மூன்று தலைமுறை பால் வெட்டியவர்களுக்கு மிஞ்சியது ஒரு அம்மன் கோயிலும் ஒரு மண்டபமும். விசேஷம் என்றால் தாமான் குடியிருப்புகளிலிருந்து எல்லோரும் இங்கேதான் திரும்பி வருகிறார்கள்.

புஷ்பா அக்கா வேனைப் பின்பக்கமாக எடுத்து, மூக்கு வெளிவாசலைப் பார்க்க நிறுத்தினார். சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

வரவேற்றது பெரியம்மா. மாமாவின் தாய்க்கு அக்கா, எழுபத்தோரு வயது, இந்தக் குடும்பத்தின் எல்லாச் சடங்கும் அவர் கையில். இவரைத் திட்டி எழுத வேண்டும் என்றுதான் போனேன். முடியவில்லை. லயன் வீட்டில் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவர். ஒன்று பிறந்த அன்றே, மற்றது வயிற்றுப்போக்கில். பிள்ளை என்றால் பால்வெட்டுக்கு இரண்டு கை, கிழவயதில் கஞ்சிக்கு ஒரு வழி என்று இருந்த காலத்தில், இவருக்கும் அந்த மணை போட்டிருக்கிறார்கள். மூன்றாவதாக ஒரு பெண் தங்கியது. அந்தப் பயறுதான் கொடுத்தது என்று இவர் நம்புகிறார். தனக்குக் கிடைத்ததை அக்காவுக்கும் கொடுக்க நினைக்கிறார். கெட்ட எண்ணம் இருந்தால் சண்டை போட வசதியாக இருந்திருக்கும்.

"வா வசந்தி, வா. ஒனக்காகத்தான் பயறு ரெண்டு நாளா மொளகட்டி வெச்சிருக்கேன்" என்றார், அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு.

பத்தரைக்கு ஆரம்பித்தது. துர்கா அரக்குச் சேலையில், கன்னம் முழுக்கச் சந்தனத்தோடு உட்கார்ந்திருந்தாள். அக்காவைப் பார்த்ததும் எழப் பார்த்தாள், இரண்டு பேர் பிடித்து உட்கார வைத்தார்கள். "வரமாட்டாங்கன்னு அண்ணன் சொன்னாரு, எனக்கு அழுவாச்சியா வந்துச்சு அண்ணி."

"வந்துட்டேன்ல. கைய நீட்டு."

துர்காவின் கை வீங்கியிருந்தது. மற்றவர்கள் போட்ட வளையல்கள் விரல் முட்டியில் நின்று இரண்டு உடைந்தன. அக்கா அவள் விரல்களைக் குவித்துப் பிடித்து, ஒவ்வொன்றாக, திருப்பித் திருப்பி ஏற்றினாள். ஒன்றும் உடையவில்லை. பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, இந்தப் பெண்ணுக்குத் தாய்மை தெரியாது என்று இத்தனை வருடம் சொன்ன அத்தனை வாய்களிலும் அந்தச் சந்தனத்தை அப்ப வேண்டும்போல் இருந்தது.

பிறகு மணை வந்தது. கோலம் போட்ட சின்னப் பலகை. பெரியம்மா அதைத் துர்காவுக்குப் பக்கத்தில் போட்டு, பித்தளைக் கிண்ணத்தில் பயறோடு நின்றார். "வசந்தி, வந்து உக்காரும்மா."

கதவோரம் நின்ற புஷ்பா அக்கா சாவியோடு வேன் பக்கம் ஓரடி வைத்தார். அக்கா அவரைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"நா உக்காரல பெரியம்மா."

"அப்டி சொல்லக்கூடாதும்மா. நல்லநேரம் போயிரும்."

"நாங்க மருந்து, ஊசி எல்லாம் நிறுத்திட்டோம் பெரியம்மா. இனிமே எதிர்பாக்கல. நீங்க வாழ்த்த, நா தலையாட்ட, துர்கா பக்கத்துல உக்காந்து பொய் சொன்ன மாதிரி ஆயிரும். அது எனக்குப் பிடிக்கல."

யாரோ ஒருத்தி "ஐயோ பாவம்" என்றாள். ஜெனிட்டா திரும்பி ஒரு பார்வை பார்த்தார். வங்கிக் கடன் கேட்டு வந்தவர் கேட்காமலே திரும்பிப் போகிற மாதிரியான பார்வை.

பெரியம்மாவுக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. கிண்ணத்தை மார்போடு அணைத்துக்கொண்டார். "போட்ட மணைய வெறுமனே எடுக்கக்கூடாதும்மா. வயித்துப்பிள்ளைக்காரி பக்கத்துல... யாராச்சும் உக்காரணுமே."

துர்காவின் முகம் மாறியதை எல்லோரும் பார்த்தோம். அவளுக்கும் நம்பிக்கை உண்டு. அக்கா பயந்த இடம் இதுதான். ஒரு நொடி அக்கா உட்கார்ந்துவிடப் போகிறாள் என்று நினைத்தேன்.

அக்கா கூடத்தைத் தாண்டிச் சமையல் பக்கம் பார்த்துக் கூப்பிட்டாள். "ஏங்க! கொஞ்சம் வாங்க."

மாமா வெங்காயக் கையோடு வந்தார். பின்னாலேயே நாலைந்து ஆண்கள்.

"பிள்ள இல்லாதவங்கதானே உக்காரணும் பெரியம்மா? அவருக்கும் இல்லையே. அவரு உக்காரட்டும்."

ஆண்கள் பக்கம் ஒருவன் கொல்லென்று சிரித்தான். "மோகன், மசக்கையா லா?" மாமாவின் காது சிவந்தது. அவர் மணையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். இந்த மனிதர் ஒவ்வொரு வளைகாப்பிலும் சமையல்கட்டில்தான் இருந்திருக்கிறார். மணை என்றால் என்ன என்று அன்றுதான் பக்கத்தில் நின்று பார்க்கிறார். திரும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன்.

கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பெரியம்மாவுக்கு எங்கே கொட்டுவது என்று தெரியவில்லை. முந்தானை இல்லையே. மாமா சட்டையின் கீழ்நுனியை இழுத்து விரித்துப் பிடித்தார், தொப்பை தெரிய. துர்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள், புது வளையல்கள் எல்லாம் குலுங்கின. "அண்ணா, பேசாம இரு, எனக்கு இங்கயே பொறந்துரும்!" அவள் சிரித்ததும்தான் மற்றவர்களும் மூச்சு விட்டார்கள்.

பெரியம்மா பயறைக் கொட்டினார். "அடுத்த வருஷம்..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். அவருக்குத் தெரிந்த வாழ்த்து அது ஒன்றுதான். கிண்ணத்தைக் கீழே வைத்தார். ஒரு கையை மாமா தலையிலும் இன்னொரு கையை எட்டி அக்கா கன்னத்திலும் வைத்தார். "ரெண்டு பேரும் நல்லா இருங்கடா" என்றார். அக்கா ஓடவில்லை. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எல்லோரும் திருந்திவிட்டார்கள் என்று எழுத மாட்டேன். சாப்பாட்டுப் பந்தியில் 'கலிகாலம்' என்றது ஒரு குரல். யாருக்குக் குறையாம் என்று என்னிடமே வந்து கேட்டாள் ஒருத்தி. நீங்களும் பின்னூட்டத்தில் கேட்பீர்கள். கேட்காதீர்கள், அழித்துவிடுவேன்.

இரண்டு மணிக்குத் திரும்பினோம். மாமா காரைச் சித்தப்பா மகனிடம் கொடுத்துவிட்டு வேனில் ஏறினார். "ஆம்பளைங்களுக்கு இதுல சீட்டு இல்ல" என்றார் புஷ்பா அக்கா. பிறகு, "சரி, கடைசி சீட்டு. பெல்ட் போடணும்." மாமா பயறை ஒரு பிளாஸ்டிக் பையில் வைத்திருந்தார். விதிப்படி மிச்சம் வைக்கக்கூடாது. நெடுஞ்சாலையில் ஏறும்வரை மென்றுகொண்டே இருந்தார்.

"தொண்டையில இறங்கவே மாட்டேங்குதே. இதையா நீ ஒவ்வொரு தடவையும் முழுசா தின்ன?"

"ஆமா."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலயே வசந்தி."

"நீங்க கேக்கல."

மாமாவுக்குக் கைதட்டச் சொல்லாதீர்கள். பதினொரு வருடம் தாமதம். ஆனாலும் உட்கார்ந்தார், அதையும் எழுதத்தான் வேண்டும். நான் வியந்தது கூப்பிட்டவளைப் பார்த்து. நூறு பேருக்கு நடுவில் குரல் உயர்த்தாமல், அழாமல், யாரையும் அவமானப்படுத்தாமல் ஒரு வழக்கத்தைத் திருப்பி வைத்தாள். அதற்கான தெம்பை ஒரு செண்டோல் மேசையும் பள்ளி வேனும் சேர்ந்து அவளுக்குக் கொடுத்திருந்தன. வேறு எந்த வசதியும் இந்த ஊர் அவளுக்குச் செய்து தரவில்லை.

திங்கட்கிழமை அக்கா அலுவலகக் கழிவறையில் அரைமணி நேரம் அழுதாளாம். குழுவில் எழுதினாள். ஜெனிட்டாவின் மருத்துவரிடம் அடுத்த வாரத்துக்கு நேரம் வாங்கியிருக்கிறாள். நிறுத்துவது என்று தெளிவாக முடிவெடுத்தவளுக்கும் துக்கம் உண்டு. இரண்டும் ஒரே மனசில் இருக்கும்.

இந்த மாதிரிப் பயணம் போகிறவர்களுக்கு: அவளை வரச்சொல்லிக் கெஞ்சுவதற்கு முன், அங்கே அவளுக்கு என்ன நடக்கும் என்று விசாரியுங்கள். அவளுக்கு என்ன வேண்டும் என்று அவளிடமே கேளுங்கள், பதில் வரும்வரை பேசாமல் இருங்கள். விசேஷம் நடத்துகிறவர் நீங்கள் என்றால் முன்கூட்டியே தனியாகக் கேளுங்கள், மண்டபத்தில் அல்ல. தனி வண்டியில் போங்கள், வெளியேறுகிற பக்கம் பார்த்து நிறுத்துங்கள். ஒருத்தி வாரக்கணக்கில் குளிக்காமல், பேசாமல் இருந்தால் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். கோயிலுக்கு அதற்குப் பிறகு போகலாம், கோயில் எங்கேயும் ஓடிவிடாது. செலவு என்று பார்த்தால், கோலாலம்பூரிலிருந்து போய்வர, சாப்பாடு, அபராதம் எல்லாம் சேர்த்து எனக்கு நூறு ரிங்கிட்டுக்குள் முடிந்தது.

செவ்வாய்க்கிழமை மாலை பெரியம்மா அக்காவைப் போனில் கூப்பிட்டிருக்கிறார். முட்டிவலி, மிஞ்சிய புளிச்சோற்றை யார் யாருக்குக் கொடுத்தார், பாசாரில் மீன் விற்கிற விலை என்று பேசிக்கொண்டே போனாராம். பதினொரு வருடமாக அவருடைய எல்லா அழைப்பும் ஒரே கேள்வியில்தான் போய் முடியும். அக்கா சோபாவின் நுனியில் உட்கார்ந்து அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தாளாம். "மழ வருதும்மா, துணி காயுது, வெச்சிர்றேன்" என்று சொல்லிப் பெரியம்மா வைத்துவிட்டார்.

உடனே எனக்குக் கூப்பிட்டாள். "கேக்கவே இல்லடி" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, நான் லைனில் இருக்கிறேனா என்று பார்ப்பதுபோல மறுபடி சொன்னாள். "கடைசி வரைக்கும் கேக்கவே இல்ல."